அமுதவல்லி சொன்ன யோசனை

அமுதவல்லிக்கு எதைப் பற்றியும் ஒரு அபிப்பிராயம் உண்டு. தக்காளி ஏன் ஏறியது, உப்பளம் கிரவுண்டில் யாருக்கு விழா எடுக்கிறார்கள், அந்தப் பந்தல் செலவு யார் அப்பன் வீட்டுக் காசு, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். கேட்டால்தான் சொல்வாள் என்றில்லை. காலையில் மீன் அன்னக்கூடையோடு பாண்டிச்சேரி லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் நுழைந்தாளானால், சங்கரா என்ன விலை என்று கேட்டவளுக்கு விலையும் கிடைக்கும், கூடவே சர்க்காருக்கு ரெண்டு திட்டும் இனாமாகக் கிடைக்கும். வீட்டம்மாக்கள் செதில் எடுக்கக் கொடுத்துவிட்டு நின்று கேட்பார்கள். "அமுதா, பேசாம நீ எலெக்ஷன்ல நில்லு" என்பார்கள். "நிக்கறேன், டெபாசிட்டு நீ கட்டுறியா?" என்பாள்.

மற்ற விஷயத்திலெல்லாம் கொஞ்சம் விளையாட்டு இருக்கும். ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தால் மட்டும் விளையாட்டு கிடையாது. முகமே மாறிவிடும். காரணம், அவளுடைய ஒரே மகள் சங்கவி.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மீன் விற்றே வளர்த்த பெண். வடக்கே பிள்ளைச்சாவடி போகிற ரோட்டில் ஒரு குப்பத்தில் கட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை ஆனந்தராஜ் கடல் தொழிலாளி, குடி கிடையாது, அதிர்ந்து பேசத் தெரியாதவன். பிள்ளைச்சாவடி பாண்டிச்சேரி, அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற இந்தக் குப்பம் தமிழ்நாடு. எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று அந்தப் பக்கத்தில் யாரும் கவலைப்பட்டது கிடையாது. பெண் கொடுப்பது, எடுப்பது, சாவுக்குப் போவது, சண்டைக்குப் போவது எல்லாம் ஒரே கரைதான்.

கல்யாணம் ஆகி ரெண்டே வருஷத்தில் ஒரு பெண் குழந்தை. அது நல்லபடியாகப் பிறந்தது. இரண்டாவது பிரசவத்தில் பிரஷர் எகிறி, பிள்ளையும் தங்கவில்லை, கிட்னியும் போய்விட்டது. இருபத்தெட்டு வயசு! செவ்வாயும் வெள்ளியும் மிஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டால்தான் உயிர். உப்பளத்தில் அம்மா வீட்டுக்கு முதல் நாள் ராத்திரியே வந்துவிடுவாள். காலையில் ரெண்டு பேரும் ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பத்து நிமிஷம்தான்.

பத்து நிமிஷத்தில் போய் என்ன பிரயோஜனம்? எட்டு மிஷினில் ரெண்டு எப்போதும் ரிப்பேர். ஏழு மணிக்கு என்று சொன்ன முறை பதினொன்றுக்கு வரும், ஒரு மணிக்கு வரும். சங்கவி வீங்கின முகத்தோடு பெஞ்சில் சாய்ந்து கிடப்பாள். குடிக்கக்கூடத் தண்ணீர் அளந்துதான். அமுதவல்லி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருத்தராக விசாரிப்பாள். ஒருத்தர் திண்டிவனம், ஒருத்தர் செஞ்சி, ஒருத்தர் திருக்கோவிலூர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்த மட்டும் அவளுக்கு மனசு உண்டு. தன் கட்டுச்சோற்றைக்கூட ஒருநாள் செஞ்சிக் கிழவர் ஒருத்தருக்குக் கொடுத்தாள். ஆனாலும் டெக்னீஷியன் சந்திரகலாவிடம் போய்ப் பொருமுவாள். "ஏம்மா, ஊரு சனமெல்லாம் இங்க வந்து உக்காந்துட்டா எங்க புள்ளைங்க எங்க போவும்?"

"மேல சொல்லுங்கம்மா. என் கையில என்னா இருக்கு?" என்பாள் சந்திரகலா.

மேலே சொல்ல ஒரு நாளும் வந்தது. சுகாதாரத்தை ஒழுங்குபடுத்தப் புதுத் திட்டம் வரப்போகிறது, மக்கள் வந்து கருத்துச் சொல்லலாம் என்று சர்க்காரில் கூட்டம் போட்டார்கள். உப்பளத்தில் ஒரு கல்யாண மண்டபம். குடியிருப்போர் சங்கத்துத் தெய்வசிகாமணி வீடு தேடி வந்து, "அக்கா, நீ வந்தே ஆவணும். மத்தவன்லாம் எழுதி வச்சுப் படிப்பான். நீ பேசு" என்று கூப்பிட்டுக்கொண்டு போனார்.

மேடையில் நாலு ஆபீசர்கள். பேசினவர்கள் எல்லாம் பணிவன்புடன், பெருமதிப்பிற்குரிய என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். அமுதவல்லி மைக்கைப் பிடித்தாள். கைப்பிடியிலேயே மீன்காரி தெரிந்தது.

"அய்யா, நான் படிக்காதவ. ரெண்டு வருசமா வாரத்துல ரெண்டு நாளு உங்க ஆஸ்பத்திரி பெஞ்சுலதான் குடித்தனம் பண்றேன். பஸ்ஸு பஸ்ஸா வந்து எறங்குறாங்க. அவங்களும் மனுசங்கதான், நான் இல்லேங்கல. ஆனா அவங்களுக்கு ஒரு சர்க்காரு இருக்குல்ல? எங்களுக்கு நீங்க மட்டுந்தானே? எங்க வீட்டுல சோறு பத்தலேன்னா நான் எம் புள்ளைக்குத்தான் மொதல்ல போடுவேன். ஒரு யோசனை சொல்றேன். கார்ட பாருங்க. பாண்டிச்சேரி கார்டு இருக்கறவங்களுக்கு மொதல்ல மிஷின குடுங்க. மிச்சம் இருந்தா மத்தவங்களுக்குக் குடுங்க. அவ்ளோதான். இதுக்கு எதுக்கு நாலு ஆபீசரு?"

மண்டபமே அதிர்ந்தது. கை தட்டினார்கள், விசிலடித்தார்கள். ஆபீசர்களில் ஒருத்தர்கூடச் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். யாரோ அதை போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். மறுநாள் லாஸ்பேட்டையில் அவள் மீன் வாங்காதவர்கள்கூட வாசலுக்கு வந்து பார்த்தார்கள். ஐம்பத்து மூன்று வயசில் அமுதவல்லிக்கு வெட்கம் வந்தது. சங்கவிக்கு போன் போட்டு, "பாத்தியாடி உங்கம்மாள?" என்று கேட்டாள்.

"பாத்தேம்மா. நாலு தடவ பாத்தேன்" என்றாள் சங்கவி.

மூன்று மாசத்தில் உத்தரவு வந்துவிட்டது. நம்புவீர்களா? பத்து வருஷமாகத் தெருவிளக்குக்கு மனு கொடுத்தும் வராத சர்க்கார், இதற்கு மூன்றே மாசத்தில் அசைந்தது. டயாலிசிஸ், பெரிய ஆபரேஷன், மாச மாத்திரை எல்லாம் இனி பாண்டிச்சேரி ரேஷன் கார்டு இருப்பவர்களுக்குத்தான் முறை. மற்றவர்கள் அவரவர் மாவட்டத்து ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ள வேண்டியது. பேப்பரில் வந்ததைத் தெய்வசிகாமணி படித்துக் காட்டினார். அமுதவல்லி அந்தச் செவ்வாய்க்கிழமை கால் கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வராந்தா பாதி காலி. திண்டிவனம் இல்லை, செஞ்சி இல்லை. "பாத்தியா, எப்பிடி காத்தோட்டமா இருக்கு!" என்று மகளை உட்கார வைத்துவிட்டு, சந்திரகலாவிடம் ஜிலேபிப் பொட்டலத்தையும் தன் சிவப்பு ரேஷன் கார்டையும் சேர்த்து நீட்டினாள்.

சந்திரகலா கார்டைத் திறந்து பார்த்தாள். திரும்பப் பார்த்தாள். "அம்மா, இதுல சங்கவி பேர அடிச்சு சீல் வச்சிருக்கே?"

"அது கல்யாணம் ஆனப்ப எடுத்தது. அதுக்கென்னா இப்ப?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பேரை எடுத்தவளும் அவளேதான். கல்யாணம் நடந்தது பங்குனியில். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிடும். தமிழ்நாட்டில் தடைக்கால நிவாரணம் கார்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். மாப்பிள்ளை தனிக்கார்டு எழுதினால் அவன் பேரிலும் நிவாரணம் வரும். அதற்குப் பெண்ணின் பேரைப் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து எடுத்த சர்டிபிகேட் வேண்டும். சம்பந்தி வீட்டில் அவசரப்பட்டார்கள். மீன்காரக் குடும்பங்களில் இதற்காகவே தாலி ஏறின ஈரம் காயும் முன் பேரை எடுப்பது வழக்கம். மற்றவர்கள் இதற்கு மாசக்கணக்கில் அலைவார்கள். அமுதவல்லி வியாபாரம் முடிந்து மீன் வாடையோடு நேராகக் கார்டு ஆபீசுக்குப் போய், அன்னக்கூடையை மேஜைக்குப் பக்கத்தில் இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு மணிக்குள் சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதை அது.

வெளியூர்க்காரர் என்றால் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சங்கவி எப்படி வெளியூர் ஆவாள்? சங்கவி அவள் பெண்.

"இவ இந்த ஊர்லதான் பொறந்தா. உப்பளத்துலதான் படிச்சா" என்றாள் சந்திரகலாவிடம். குரல் கீழே இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாதாம்மா? கம்ப்யூட்டர்ல கார்டு நம்பர் போட்டாத்தான் பேரு ஏறுது. இந்த மாசம் முடியற வரைக்கும் எப்பிடியாச்சும் ஓட்டிடறேன். அதுக்கு மேல என்ன மன்னிச்சுக்கங்க." சந்திரகலா ஜிலேபியைத் தொடவில்லை.

அந்த ஒரு மாசம் அமுதவல்லி மீனே எடுக்கவில்லை. கார்டு ஆபீசுக்கு நடந்தாள். பேரை அடித்த அதே ஆபீசில் அதே மேஜை. பேரைத் திரும்பச் சேர்க்க முதலில் புருஷன் கார்டிலிருந்து எடுக்க வேண்டும். அதோடு அஞ்சு வருஷம் தொடர்ந்து இங்கேயே குடியிருந்த அத்தாட்சி வேண்டும். ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டு வந்து, "வேணும்னா அவள தள்ளி வச்சுட்டேன்னு எழுதித் தரேன் அத்த" என்றான். எழுதிக் கொடுத்தாலும் அஞ்சு வருஷம் அஞ்சு வருஷந்தானாம். அஞ்சு வாரத்துக்கே வழியில்லாதவளுக்கு அஞ்சு வருஷம்!

தெய்வசிகாமணியிடம் ஓடினாள். அவர் அவளை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார். "இப்பப் போயி மாத்துங்கன்னா எப்பிடிக்கா? மக்கள் கேட்டாங்கன்னு உன் பேச்சத்தான் அவங்க எழுதியே வச்சிருக்காங்க. இன்னொரு கூட்டம் போட்டா அப்ப பாப்போம்."

"எப்ப போடுவாங்க?"

"அது யாருக்குத் தெரியும்?"

அமுதவல்லி பதில் பேசாமல் திரும்பி வந்தாள். அவள் பதில் பேசாமல் ஒரு வாசலை விட்டு வந்ததை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

அடுத்த மாசத்திலிருந்து விழுப்புரத்துப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே இருந்தவர்களும் நல்லவர்கள்தான், பழி சொல்லக்கூடாது. ஆனால் பாண்டிச்சேரியிலிருந்து திருப்பி விடப்பட்டவர்கள் எல்லாரும் அங்கேதானே போய் விழுந்தார்கள்? செஞ்சிக் கிழவரும் அங்கே இருந்தார். அமுதவல்லியைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கை காட்டி, பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். அவர் வாட்ஸ்அப் பார்க்காத மனுஷர். அவள் அந்த இடத்தில் உட்காராமல் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

விடியற்காலை அஞ்சு மணிக்குப் புறப்பட்டு, டவுன் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டில் மாறி, மறுபடி ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். மிஷினிலிருந்து எழுந்ததும் சங்கவிக்கு உடம்பு துணி மாதிரித் துவண்டுபோகும். திரும்பி வரும் பஸ்ஸில் சில நாள் உட்கார இடம் கிடைக்கும், சில நாள் யாராவது எழுந்து கொடுக்க வேண்டும். அந்த ரோடும் ஒரு கூத்து: கொஞ்ச தூரம் தமிழ்நாடு, கொஞ்ச தூரம் பாண்டிச்சேரி, மறுபடி தமிழ்நாடு, மறுபடி பாண்டிச்சேரி. சாராயக்கடை போர்டு வந்தால் பாண்டிச்சேரி என்று தெரிந்துகொள்ள வேண்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்படித் திரும்பி வருகிற பஸ்ஸில், அமுதவல்லிக்கு அடக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான்தாண்டி பண்ணேன். என் வாயாலதான் நீ இப்பிடி அலையற."

சங்கவி கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்மா."

"எப்ப தெரியும்?"

"நீ பேசுன அன்னைக்கே. வீடியோவ பாத்துட்டு, எழுந்து போயி எங்க கார்ட எடுத்துப் பாத்தேன்."

"அடிப் பாவி! அன்னைக்கே சொல்லியிருந்தா நான் போயி அந்த ஆபீசருங்க கால்ல விழுந்திருக்க மாட்டனா? ஏண்டி சொல்லல?"

சங்கவி சொன்னாள்: "நீ எனக்காகத்தானே பேசுன. போன்ல எவ்ளோ சந்தோசமா இருந்த. உனக்கு யாரும்மா இதுக்கு முன்னாடி கை தட்டியிருக்காங்க? இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன். சட்டமாவா வரப்போவுதுன்னு நெனச்சேன்."

அமுதவல்லி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பஸ்ஸில் அத்தனை பேர். சங்கவி அவள் தொடையைத் தட்டிக் கொடுத்தாள், குழந்தையைத் தட்டுவதுபோல. ஊசி குத்தி ஊசி குத்திக் கருத்துப்போன கை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வெள்ளிக்கிழமை ரோட்டில் இடுப்பளவு தண்ணீர்; பஸ் ஓடவில்லை. ஆனந்தராஜ் கார் வைத்துப் பார்த்தான். பாதி வழியில் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை மட்டும் போடுங்கள் என்று அமுதவல்லி கெஞ்சப் போனாள். அன்றைக்குப் பார்த்துச் சந்திரகலா லீவு. வேறொரு பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தான். எமர்ஜென்சிக்குக் கொண்டு வாங்க, டாக்டர் பார்த்துச் சொல்வார் என்றான். சங்கவி வர மாட்டேன் என்றுவிட்டாள். "செவ்வாக்கெழம போயிக்கலாம்மா. தண்ணி குடிக்காம இருந்துக்கறேன். யாரையும் கெஞ்சாத." இதை நினைத்துத்தான் அமுதவல்லி பிறகு மண்டையில் அடித்துக்கொண்டாள். வாயில்லாதவளா அவள்? இழுத்துக்கொண்டு போய் எமர்ஜென்சி வாசலில் கிடத்தியிருக்கலாம். அவள் வாய்தான் அதற்குள் பயந்துபோயிருந்ததே. அது எதைச் சொன்னாலும் வேறு ஒன்றாய்த் திரும்பிவிடும் என்று பயம்.

செவ்வாய்க்கிழமை காலையில் சங்கவிக்கு மூச்சு வாங்கியது. ஆனந்தராஜும் கூட வந்தான். பஸ் மதகடிப்பட்டைத் தாண்டுவதற்குள் "யம்மா, ஜன்னல தெற" என்றாள். திறந்தே இருந்தது. இன்னொரு தடவை "தெறம்மா" என்றாள். அப்புறம் ஆனந்தராஜ் மேல் சரிந்தாள். டிரைவர் யோசிக்கவே இல்லை, பஸ்ஸை அப்படியே வளைத்துப் பக்கத்திலிருந்த சுகாதார நிலையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே கார்டு எங்கே, ஊர் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஓடி வந்தார்கள், தூக்கினார்கள், நெஞ்சை அழுத்தினார்கள். பத்து நிமிஷத்தில் அங்கிருந்த சின்ன வயசு டாக்டர் வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

குப்பத்துக் கடற்கரையோரமாகத்தான் அடக்கம் பண்ணினார்கள். சங்கவியின் குழந்தை, "இன்னைக்கு செவ்வாக்கெழமையா? அம்மா மிஷினுக்குப் போயிருக்கா?" என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தது. அமுதவல்லி ஒப்பாரி வைக்கவில்லை. எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் முதல் குரல் எடுக்கிறவள், மகள் தலைமாட்டில் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள். சாவுக்கு வந்தவர்கள் சர்க்காரைத் திட்டினார்கள், ஆஸ்பத்திரியைத் திட்டினார்கள், மழையைத் திட்டினார்கள். அவள் யாரையும் திட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார்கள். உயிர் போன இடம் பாண்டிச்சேரி எல்லைக்குள். அந்த ஊர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில்தான் பதிய வேண்டுமாம். ஆனந்தராஜும் அவளும் போனார்கள். மேஜையில் வயசான ஒரு கிளார்க், அன்பாகத்தான் பேசினார். பேர் கேட்டார், வயசு கேட்டார், புருஷன் பேர் கேட்டார். சுகாதார நிலையத்துச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பெரிய ரிஜிஸ்தரைப் புரட்டிப் பேனாவை எடுத்தார்.

அமுதவல்லி பையிலிருந்து சிவப்புக் கார்டை எடுத்து நீட்டினாள். இந்தச் சில மாசத்துப் பழக்கம், எந்த மேஜைக்கு முன்னால் நின்றாலும் கை தானாகப் போய்விடுகிறது.

"அது வேணாம்மா, உள்ள வைங்க" என்றார் அவர். "இதுக்குக் கார்டெல்லாம் தேவையில்ல. எங்க எல்லைக்குள்ள ஆயிடுச்சுன்னா, எந்த ஊர்க்காரங்களா இருந்தாலும் நாங்கதான் எழுதிக்கணும்."

அமுதவல்லி நீட்டிய கையை மடக்கவில்லை.

"பாருங்க சார்" என்றாள்.

"வேணாம்மா..."

"இல்ல சார், ஒரு தடவ பாருங்க. இதுல அவ பேரு இல்ல சார். அடிச்சுட்டாங்க. நானே போயி அடிக்கச் சொன்னேன். அவ இந்த ஊரு இல்ல சார், தமிழ்நாடு. இங்க முடியாதுன்னு சொல்லுங்க சார். போங்கன்னு சொல்லுங்க, நாங்க போயிடறோம். எழுதாதீங்க சார், எம் பொண்ணு பேர அதுல எழுதாதீங்க!"

பதினாறு நாள் அடைத்துக் கிடந்த குரல் அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆனந்தராஜைப் பார்த்தார். அவன் அத்தையின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கப் பார்த்தான். அவள் இறக்கவில்லை, கார்டை நீட்டிக்கொண்டே நின்றாள்.